ஓர்லின் அடிக்காத மணி

என் கணவன் ஓர்லின் ஒரு புளுகன். புறம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதை அவன் முகத்துக்கு நேரே, ஊரே கேட்கிற மாதிரி, கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பெய்த பனியின் ஆழத்தைப் பற்றிப் புளுகுவான், சுட்ட மானின் கொம்பைப் பற்றிப் புளுகுவான், எங்கள் ஏரிகளின் பெரிய வேட்டை மீனான மஸ்கி என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நாங்கள் பழகியதே ஒரு புளுகில்தான். தேவாலயத்து விருந்தில் உருளைக்கிழங்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நாப்பத்தஞ்சு இஞ்சு! சத்தியமா!" என்று அளந்துகொண்டிருந்தான். அன்று மதியம் அந்த மீனைப் படகுத்துறையில் அளந்தது என் அப்பா. நான் பக்கத்தில் நின்றேன்.

"முப்பத்தொம்பது," என்றேன் சத்தமாக. "நீ மீனை அளந்தியா, உன் வாயை அளந்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கே பாவமாகப் போய்விட்டது. ஆனால் அவன் வெட்கமே இல்லாமல் என்னிடம் வந்து, "நாளைக்கு என்கூடப் படகுல வர்றியா? அளக்க ஒரு ஆள் வேணும்," என்றான். போனேன். இன்னும் இறங்கவில்லை.

அதிலிருந்து மிட்ஜின் மதுக்கடையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஓர்லின் ஒரு நீளத்தைச் சொல்வான். உடனே எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். நான் உள்ளதைச் சொல்வேன். அதற்கு என் பெயரைச் சேர்த்து 'ஆர்டிஸ் தள்ளுபடி' என்று பெயர் வைத்தவன் ரோலி, ஓர்லினோடு சேர்ந்து பனி லாரி ஓட்டியவன். என் பேச்சுக்கு எங்கள் ஊரில் அப்படி ஒரு மதிப்பு. ஆர்டிஸ் சொன்னால் சரி.

ஓர்லினும் ரோலியும் மாவட்டத்துச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டினார்கள். குளிர்காலம் முழுக்க ஓர்லின் வீட்டுக்குத் தாமதமாகத்தான் வருவான். கேட்டால் லாரியின் முன்தகடு கல்லில் மாட்டிக்கொண்டது என்பான், இல்லையென்றால் மான் குறுக்கே வந்தது என்பான். ஒரு மனுஷனுக்கு அத்தனை மானா குறுக்கே வரும்? கடைசியில் வயதான ஒருத்தி கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் புருஷன் தினமும் என் வாசல் பனியைத் தள்ளிட்டுப் போறாம்மா, காப்பி குடுத்தாக்கூட நிக்க மாட்டேங்கிறான்," என்றாள். விசாரித்தால் அந்தச் சாலையில் தனியாக இருக்கிற கிழடுகள் அத்தனை பேர் வாசலும் அவன் கணக்கில்தான். அன்று இரவும் மான் வந்தது என்றான். நான் சூப்பைச் சுட வைத்துக் கொடுத்தேன்.

மிட்ஜ் கடையில் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை மணி தொங்குகிறது. ஐம்பது அங்குலத்துக்கு மேல் மஸ்கி பிடித்து, உயிரோடு தண்ணீரில் விட்டவர்கள்தான் அதை அடிக்கலாம். மணி அடித்தால் கடையில் இருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். மிட்ஜ் பலகையில் பெயர் எழுதுவாள். படம் இல்லாவிட்டால் பார்த்த சாட்சி வேண்டும். ஓர்லின் மற்ற எல்லாவற்றிலும் புளுகினான், ஆனால் அந்த மணிக்கயிற்றை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. கழிவறைக்குப் போகும்போது அதை நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான்.

போன குளிர்காலத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் வாய் ஒரு பக்கம் இழுத்துக் கிடந்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்திரி கிழவா, எந்திரி," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை. பேச்சு முழுசாகத் திரும்பியது. வலது கை பாதிதான் திரும்பியது. கரண்டி நிற்கும், கனமான எதுவும் நிற்காது.

வழக்கமாகப் போகும் பெரிய ஏரியின் அலையை அவன் இனி தாங்கமாட்டான் என்று லாஸ்ட் மிட்டன் ஏரிக்குப் போக ஆரம்பித்தோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஏரி அது. அங்கே பெரிய மீன் உண்டு என்று யாருமே நம்புவதில்லை. நான் மோட்டாரைப் பார்த்துக்கொள்வேன். அவன் இடது கையால் வீசுவான். முதலில் தூண்டில் என் தொப்பியில்தான் விழுந்தது. பிறகு பழகிவிட்டது.

அது அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. மதியத்துக்கு மேல் போனோம். கரையில் ஊசியிலை மரமெல்லாம் மஞ்சளாகி, ஊசி உதிர்ந்து தண்ணீரில் மிதந்தது. மூக்கு ஒழுகுகிற குளிர். அவன் வீசுவதும் இழுப்பதுமாக இருந்தான். நான் மனசுக்குள் மிட்ஜ் கடையின் மீன் வறுவலையும் ரை மாவு ரொட்டியையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மஸ்கிக்கு ஒரு குணம் உண்டு. இரைக்குப் பின்னாலேயே படகுவரை வரும், கடிக்காது. அதனால் இரை படகோரம் வந்ததும் கோலின் நுனியைத் தண்ணீருக்குள் முக்கி எட்டுப் போட வேண்டும், அப்போதுதான் பாய்ந்து கடிக்கும். களைத்த கை சும்மா தூக்கிவிடும். வருஷக்கணக்கில் காத்திருந்த மீனை இப்படித்தான் நம் ஆட்கள் தொலைப்பார்கள். ஓர்லினும் அன்று கோலைத் தூக்கப் போனான். நான் எதேச்சையாகக் கீழே பார்த்தேன். இரையாகக் கட்டிய மர மீனுக்குப் பின்னால் படகின் நிழலிலிருந்து இன்னொரு நிழல் பிரிந்து வந்தது.

"தூக்காத! எட்டுப் போடு! எட்டு!" என்று கத்தினேன்.

போட்டான். இடது கையால் கோணல்மாணலாக ஒரு எட்டு. இரண்டாவது வளைவில் தண்ணீர் வெடித்தது.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அவன் கோலை வயிற்றில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, "ஐயோ ஆர்டி, ஐயோ ஆர்டி," என்றான். நான் அவனைத் திட்டினேன், மீனைத் திட்டினேன், வலையைத் திட்டினேன். அது படகுக்கு அடியில் போயிற்று, திரும்பியது, தலையை வெளியே எடுத்து உதறியது. அடேயப்பா, அந்த வாய்! மிட்ஜின் நாய்க்குட்டி உள்ளே போய் உட்காரலாம். கடைசியில் ஒருவழியாக வலைக்குள் வந்தது.

வலையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு கொக்கியைக் கத்தரியால் வெட்டினேன். அளவுகோலை மீனோடு ஒட்டி மிதக்க விட்டோம்.

"அம்பத்தி நாலு!" என்றான் ஓர்லின். குரல் உடைந்துபோயிற்று. "ஆர்டி, அம்பத்தி நாலு!"

அளவுகோலை நானும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

"கொஞ்சம் தூக்கு, படம் எடுத்துடறேன்," என்று போனுக்காகப் பைக்குள் கை விட்டேன். அப்போதுதான் மீன் மெல்லப் புரண்டது. வெள்ளை வயிறு மேலே வந்தது. கடைசி மூச்சுவரை போராடியிருக்கிறாள். ஆமாம், அவள்தான். இந்த அளவுக்கு வளர்வதெல்லாம் பெண் மீன்தான்.

"படம் வேண்டாம். தூக்கினா செத்துடுவா," என்றான் ஓர்லின். "வாலைப் பிடிச்சு நிமிர்த்தணும். ஆர்டி, என் கை நிக்காது."

இடது கையை அவள் வயிற்றுக்கு அடியில் கொடுத்தான். வலது கையால் வாலைப் பிடித்தான், விரல்கள் வழுக்கி வழுக்கி விட்டன. நான் படகு விளிம்பில் குப்புற விழுந்து, அவன் கைமேல் என் கையை வைத்து, கையும் வாலும் சேர்த்து அழுத்திப் பிடித்தேன். தண்ணீர் எலும்புவரை கடித்தது. போன் என் பையிலேயே கிடந்தது. அதை எடுக்க எனக்கு மூன்றாவது கை இல்லை.

"மூச்சு விடு கண்ணு. அவசரமே இல்ல, மெதுவா," என்று அவன் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தான். செவுள் ஒரு தடவை திறந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டது. செத்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். இத்தனை வருஷம் ஏங்கிவிட்டு, பிடித்ததும் கொன்றுவிட்டோம் என்றால் இந்த மனுஷன் தாங்கமாட்டான் என்று பயந்தேன்.

"எந்திரி. எந்திரிடி," என்றேன். என் வாயிலிருந்து அந்தப் பழைய ஜெபமே வந்தது. ஓர்லின் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் அது அவன் காதில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அழுதுவிட்டேன்.

செவுள் மறுபடி திறந்தது. மூடியது. திறந்தது. வால் எங்கள் கைக்குள் ஒரு தடவை இறுகியது. ஒரே உதறல், இரண்டு பேர் முகத்திலும் ஏரித் தண்ணீர். பார்த்தால் கை வெறுங்கை.

நனைந்த கோழிகளாக உட்கார்ந்து சிரித்தோம். மீன் உதறியதில் அவன் வலது கைத் தோல் படகு விளிம்பில் உரசிக் கிழிந்திருந்தது. கைக்குட்டையைக் கட்டிவிட்டேன்.

மிட்ஜ் கடைக்கு வண்டியில் போகும்போது நான்தான் குதித்துக்கொண்டிருந்தேன். "படம் இல்லாட்டி என்ன? நான் இருக்கேன். என் வார்த்தைக்கு மேல ஒருத்தன் பேசட்டும் பாக்கலாம். மணியை எந்தக் கையால அடிப்ப?"

"வலது கையால," என்றான் ஓர்லின். "கயிறுதானே, கனம் இல்ல." சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து மெதுவாக இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டான்.

கடையில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். வறுத்த மீன் வாசனை, பிராந்தி வாசனை. எங்கள் ஈரச் சட்டையையும் கைக்கட்டையும் பார்த்ததுமே ரோலி கூவினான்: "வந்துட்டாருய்யா! இன்னிக்கு என்ன, திமிங்கலமா?"

ஓர்லின் பதில் சொல்லாமல் நேராக மணியை நோக்கி நடந்தான். ஒவ்வொரு மேஜையாகப் பேச்சு அடங்கியது. மிட்ஜ் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். அவன் வலது கையைத் தூக்கினான்.

"எந்த ஏரி ஓர்லின்?" என்று கேட்டான் கோல்பி.

கோல்பி கெட்ட பையன் இல்லை. வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிப்போய் மீன் காட்டுவது அவன் பிழைப்பு. போன வருஷம் ஸ்பூன் ஏரியில் ஒருவர் ஐம்பத்தொன்று பிடித்து மணி அடித்தார். கோல்பி போனில் ஊருக்கெல்லாம் சொன்னான். மறுநாள் விடிவதற்குள் துறையில் வண்டி நிறுத்த இடமில்லை. அதே மீனைத் திரும்பத் திரும்பப் பிடித்துத் திரும்பத் திரும்ப விட்டார்கள். எல்லாரும் நல்லபடியாகத்தான் விட்டார்கள். கடைசியில் அது கரையோரம் வெள்ளை வயிறாக ஒதுங்கியது.

இப்போதும் அவன் கையில் போன் இருந்தது, கட்டைவிரல் தயாராக இருந்தது. ஓர்லின் அதைப் பார்த்தான். கயிற்றுக்கு ஒரு சாண் தூரத்தில் அவன் கை நின்றது. பிறகு அந்தக் கை இறங்கி, பக்கத்திலிருந்த கழிவறைக் கதவைத் தள்ளியது.

"நாப்பத்திரண்டு," என்றான். "ஏன்டா ஆளாளுக்கு வாயைப் பொளந்துட்டு நிக்கிறீங்க? மனுஷனுக்கு ஒண்ணுக்கு வரக்கூடாதா?"

கடையே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. வாழ்க்கை பூரா கூட்டிக் கூட்டிச் சொன்னவன், நிஜமாகவே பெரியது கிடைத்த அன்றைக்குக் குறைத்துச் சொல்கிறான். மேஜைமேல் ஏறி நின்று உண்மையைக் கத்த வேண்டும் போலிருந்தது. எல்லாரும் எழுந்து நின்றிருப்பார்கள். அவன் பெயர் பலகையில் ஏறியிருக்கும்.

"ஆர்டிஸ்!" என்று ரோலி என் பக்கம் திரும்பினான். எல்லாத் தலையும் கூடவே திரும்பியது. "தள்ளுபடி போக எவ்வளவு?"

ஓர்லின் கதவைப் பாதி திறந்தபடி என்னையே பார்த்தான். என் வாயிலிருந்து பொய் வந்து அவன் கேட்டதே இல்லை. அதுதான் அவனுக்குப் பயம்.

"முப்பத்தாறு," என்றேன். "அதுவும் வாலை இழுத்துப் பிடிச்சு அளந்தா."

ரோலி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கோல்பி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மீனைச் சாப்பிடப் போய்விட்டான். ஓர்லின் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். மேஜைக்கு அடியில் அந்தக் கட்டுப்போட்ட கை என் கையைத் தேடிப் பிடித்தது. பிடியில் பலமில்லை. நான் இறுக்கிக்கொண்டேன்.

திரும்பும்போதும் வண்டியை நான்தான் ஓட்டினேன்.

"முப்பத்தாறா?" என்றான் பாதி வழியில். "அவளைப் போய் முப்பத்தாறுன்னுட்டியே. கேட்டா மனசு ஒடிஞ்சு போயிட மாட்டா?"

"நீ மட்டும் என்ன, நாப்பத்திரண்டுன்னல்ல சொன்ன?"

"எனக்காக நீ பொய் சொல்லிட்ட ஆர்டி."

"உனக்காக ஒண்ணும் இல்ல. அவளுக்காக."

கொஞ்ச தூரம் போனோம். "அம்பத்தி நாலு," என்றான் மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "அம்பத்தி நாலு இஞ்சு."

"அம்பத்தி மூணே முக்கால்," என்றேன்.

சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"சரி," என்றான். "அம்பத்தி மூணே முக்கால்."

கல்யாணமான நாளிலிருந்து என் அளவை அவன் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.