ஃபிலிம் கழுவிய அப்பா

திங்கட்கிழமை காலேஜில் காட்டுவதற்காக என் பொண்ணு காசிமேட்டில் ஒரு ரோல் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்திருந்தாள். கழுவ லேபுக்குக் கொடுக்கிறேன் என்றவளிடம், "லேபு எதுக்கும்மா? அப்பா கீறேன்ல" என்று நெஞ்சைத் தட்டியவன் நான்தான். படிப்பு பத்தாவது, இந்தப் பாடம் யூடியூப்.

கும்மிருட்டில் ஃபிலிமைச் சக்கரத்தில் சுற்றி டப்பாவுக்குள் போட்டு மூட வேண்டும். அதுவரை துளி வெளிச்சம் பட்டாலும் படம் போச்சு. இன்று காலை பாத்ரூம் கதவிடுக்கில் துண்டைத் திணித்துவிட்டு உட்கார்ந்தேன்.

கடைசிச் சுற்றுதான் பாக்கி. மார்க்கெட்டிலிருந்து வந்த வூட்டம்மாவின் குரல்.

"இன்னாய்யா, இருட்டுல குந்திகினு கீற?"

எங்கள் பாத்ரூம் சுவிட்ச் வெளியில்தான். "போடாத!" என்று நான் கத்துவதற்குள் லைட் எரிந்தது. சக்கரத்தை லுங்கிக்குள் சுருட்டிக்கொண்டு கவிழ்ந்தேன்.

மருந்தில் கழுவி வெளியே எடுக்கும்வரை பொண்ணு என் முகத்தையே பார்க்கவில்லை. நல்லவேளை, படகு, வலை, ஐஸ் உடைக்கிற அக்கா எல்லாம் தெளிவாக இருந்தது. கடைசி மூன்று மட்டும் கன்னங்கரேல்.

"அது இன்னா படம்மா?"

"நீதான்ப்பா. பைக்ல சாஞ்சிகினு போஸ் குடுத்தியே."

"வேற எதுவும் போவலல்ல?" என்றாள் வூட்டம்மா.

"இல்லம்மா. அப்பாவ இன்னொரு தபா எடுத்துக்கலாம்."

"அதுக்கு இன்னா அவசரம்?"

இந்த வூட்டில் எனக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. என் பக்கம் பேச யாராவது இருந்தால் கமெண்டுக்கு வாங்கப்பா.