மதராஸ் சண்டைத் தூண்

துரையின் மகனைத் தூக்கி வளர்க்க ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவில் என்னைக் கொண்டுபோய் விட்டபோது நான் சின்னப்பெண். அந்தப் பையன் வளர்ந்து பட்டாளத்துக்குப் போனான். ரோடு போடும் படையில் என் தம்பியும் சேர்ந்தான். இருவருமே பர்மாப் பக்கம் சண்டையில் செத்துப்போனார்கள்.

இனி பங்களாவில் எனக்கு என்ன வேலை? நாகலூரில், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவளோடு போய் இருக்கலாம் என்று நினைத்தேன். துரைசாணி விடவில்லை. துரையோ மகனைப் பற்றிய பேச்சையே எடுக்கமாட்டார். அதனால் சாயங்காலமானால் துரைசாணி என்னை எதிரில் உட்காரவைத்து, பையன் நடை பழகியது, காப்பிப் பழத்தை விழுங்கியது என்று சொன்னதையே சொல்லச் சொல்வார். தோட்டத்துப் பக்கம் போனாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்.

சண்டை முடிந்த பிறகு ஒருமுறை என்னை மதராஸுக்குக் கூட்டிப்போனார். கோட்டைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த மாதிரி சண்டைத் தூண் நின்றது. வட்டமான கல்மேடை, சுற்றிலும் படி, நடுவில் உயரமான தூண். முந்தின சண்டையில் ஜெயித்ததற்காகக் கட்டியதாம். இந்தச் சண்டைக்கும் அதுவே என்றார்கள்.

துரைசாணி பூவளையத்தை வைத்துவிட்டுக் கல்லைத் தடவித் தடவிச் சுற்றிவந்தார். நான் காரோட்டி வந்த சேலத்துக்காரரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, எந்தம்பி பேரு எங்கீங்க இருக்குது?"

அவர் நிதானமாகப் படித்துப் பார்த்தார்.

"யாரு பேருமே இல்லீங்க. செத்தவங்க எல்லாருக்கும்னு பொதுவாத்தான் போட்டிருக்குது."

துரைசாணியும் மகன் பெயரைத்தான் தேடியிருக்கிறார். படியில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. இப்போது கேட்டால் மனசு இளகும் என்று பக்கத்தில் போனேன்.

"அம்மாவுக்கு நொம்ப முடியலைங்க. என்னய ஊட்டுக்கு அனுப்பிருங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எஸ்டேட்டில் பழகிய தமிழில், "நீயும் போய்ட்டா அவனைப் பத்தி நான் யார்கிட்ட பேசுறது?" என்றார். கையை உருவிக்கொள்ள முடியவில்லை.

மலையேறித் திரும்பும்போது ஏற்காடு கடைவீதியில் கார் நின்றது. நான் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நாகலூருக்கு நடந்தேன். அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, அவள் பக்கத்தில் படுத்தேன். விடிந்ததும் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வாசலில் வந்து நின்றார்.

"பங்களாவுக்குக் கிளம்பும்மா. இந்த ஊடு எஸ்டேட்டுது. நீ வரலைன்னா உங்கம்மாவ எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பே?"

"துரைசாணியம்மா சொல்லி உட்டாங்களா?"

அவர் உள்ளே கிடந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "போ சாமி" என்றாள்.

போனேன். துரைசாணி எதிர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்து, பையன் நடை பழகிய கதையை முதலிலிருந்து சொன்னேன். மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். பிணத்தை எடுக்கிறவரைக்கும்தான் என்னை லயத்தில் இருக்க விட்டார்கள்.

வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போகத் தொடங்கியபோது துரையும் எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறினார். துரைசாணி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் அழவில்லை. துணிமூட்டையோடு கேட்டுக்கு வெளியே வந்தவளுக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. மாரமங்கலம் போகும் பாதையில் ஒரு மிளகுத் தோட்டத்தில் ஆள் வேண்டுமென்றார்கள். அங்கே போய்ச் சேர்ந்தேன்.