டயர் மேல் ஒரு இன்ஜின்

இலஞ்சிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் ஸ்கூட்டருக்காகக் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்தவர். மோதிரத்தைத் திருகிக்கொண்டேதான் பேசினார். இன்ஜின் செத்துவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி, தன் அப்பா, அவர் வாயில் ‘அத்தா’, ஓட்டிய அம்பாசிடரைப் போன வாரம்தான் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார். இன்ஜினை மட்டும் விட மனமில்லாமல் கழற்றி எடுத்து வந்திருந்தார்.

மெக்கானிக் அதை ஒரு டயர் மேல் உட்காரவைத்து, பேட்டரி கொடுத்துச் சுற்றவிட்டு, பிளக் துளைகளில் கேஜ் வைத்து, உள்ளே அழுத்தம் சரியாக ஏறுகிறதா என்று கம்ப்ரஷன் பார்த்தார்.

“நாலு சிலிண்டரும் ஒண்ணுபோல ஏறுது பாய். இது சாகவே இல்லியே!”

மோதிரத்தைத் திருகிய விரல் நின்றது.

“இன்னொருக்க பாருங்க அண்ணாச்சி. ஒண்ணாவது கொறையணும்லா.”

முள் மறுபடியும் அங்கேயே ஏறி நின்றது. தன் இன்ஜின் கெட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கியவர், நான் பார்த்ததில் அவர் ஒருவர்தான். அதை அப்புறம் எங்கே கொண்டுபோய் வைத்தாரோ.