ஐந்து இருபதுக்கு ஒரு டம்ளர் வெந்நீர்

இது நடந்தது. நடக்கவில்லை என்று வாதிட ஆட்கள் உண்டு. ஆனால் சாந்திராஜின் ரத்தப் பரிசோதனை அறிக்கை அப்படிச் சொல்லவில்லை.

செஞ்சி கடைவீதியில் மணிலாக் கடலை மண்டி வைத்திருப்பவர் சாந்திராஜ். வயது ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு ஆண்டுகளாக அவருடைய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறது. ஊரில் அதை அறிந்திருந்தவள் மனைவி லீலாவதி மட்டுமே. படுக்கும்போது போடச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை. பொழுது சாய்ந்தால் தண்ணீரும் தொடாத சமண வீடு. ஆகவே அவள் நேரத்தை மாற்றினாள். தினமும் மாலை ஐந்து இருபதுக்கு வெந்நீர்ப் பானையின் பித்தளை மூடி ஒலிக்கும். டணங்... ஒரு கையில் டம்ளர், மறு உள்ளங்கையில் மாத்திரை.

"வாயத் தொறங்க."

அவர் விழுங்கும்வரை நகரமாட்டாள்.

2018இல் மாரடைப்பில் அவள் போய்விட்டாள். அதன்பின் அவரே போட்டுக்கொண்டார். பெங்களூரில் இருக்கும் மகள் திரிசலா, குழந்தை பிறந்ததும், இங்கேயே வந்துவிடு நைனா என்று ஓயாமல் கூப்பிட்டாள். அவளுக்கு நோய் தெரியாது. நாலு பேர் புழங்கும் வீட்டில் மாத்திரைப் புட்டியை எங்கே ஒளிப்பது?

அப்போதுதான் சென்னையில் ஓர் ஆராய்ச்சியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். கிருமியை மடக்கும் ஆன்டிபாடியை நரம்பில் ஏற்றுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். பதினைந்து நாளுக்கொரு தரம் ரத்தம் எடுப்பார்கள். இடையில் மாத்திரை போட்டால் விலக்கிவிடுவார்கள். மீதி மாத்திரைகளை நர்ஸ் சுவாதியிடம் ஒப்படைத்தார். நவம்பர் 12 அன்று மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பினார். பொங்கலுக்குப் பெங்களூர் வருவதாக மகளிடம் சொன்னார்.

நான்காம் நாள். ஐந்து இருபது. சமையலறையில்... டணங்.

மேடைமேல் ஒரு டம்ளர். ஆவி பறக்கும் வெந்நீர். காலையில் அணைத்த அடுப்போ சில்லிட்டிருந்தது. தன் மறதிதான் என்று கொட்டிவிட்டார்.

மறுநாளும் டம்ளர் இருந்தது. காலியாக. அவருடைய தாடை ஈரமாயிருந்தது. நாக்கின் அடியில் கசப்பு...

பத்தாம் நாள் வீட்டில் இருக்கப் பயந்து மண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். பக்கத்துக் கடைப் பூபதி, சமணர்களை ஊரில் கூப்பிடும் பட்டப்பெயரால் கூப்பிட்டுக் கேலி செய்தார்.

"இன்னா நயினாரே, பொழுது போவுது, சாப்பிடப் போவலியா? வீட்ல பேய் கீய் இருக்குதா?"

சாந்திராஜ் சிரிக்கப் போனார். வாய் தானாகத் திறந்தது. தொண்டையில் வெந்நீர் இறங்கியது. சட்டை நனைந்தது. பூபதி தன் கடைக்குள் போய்விட்டார்.

மணி ஐந்து இருபது.

இரவுகளில் தலை சுற்றியது. நிறம் நிறமாகக் கனவுகள். எப்போதோ, பல ஆண்டுகளுக்கு முன், மாத்திரை தொடங்கிய புதிதில் இருந்த அதே சுற்றல்.

யாரிடம் போவது? பேயைச் சொல்ல வேண்டுமானால் முதலில் நோயைச் சொல்ல வேண்டும்.

"வேணாம் லீலா. ஊசி போட்டிருக்குது. பேத்தியப் பாக்கணும்."



டணங்...

பல்லைக் கடித்துக்கொண்டார்.

விரல்கள் உதட்டைப் பிரித்தன.

ஜனவரி 9, மாலை. சுவாதி போனில் கூப்பிட்டாள். ஊசி மருந்து அவர் ரத்தத்தில் ஆறாவது வாரமே கரைந்துபோயிருந்தது. கிருமி ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. ஏனென்று தேடியபோது ரத்தத்தில் மாத்திரை மருந்து இருந்தது, ஒருநாளும் தவறாமல் போடுகிறவர்களுக்கு இருக்கும் அளவில். ஆராய்ச்சியிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள்.

தான் போடவில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"உங்க பாட்டில் எங்ககிட்டதான் சார் இருக்கு. ஆனா இது அந்த மருந்தே இல்ல. அதுக்கு முன்னாடி குடுத்த பழைய மருந்து. உங்களுக்கு அத மாத்தி நாலு வருஷம் ஆச்சு. இப்ப யார் சார் தர்றாங்க?"

லீலாவதி உயிரோடு இருந்தவரை கொடுத்தது அந்தப் பழைய மாத்திரையைத்தான்.

பெங்களூருக்குக் கட்டிய பை கதவோரம் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து பத்தொன்பது.

போனைக் கீழே வைத்தார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்.