பேசுதல் என்றால்

சிற்றம்பலம் மாஸ்டர் பஸ் டிக்கெட்டை ஒருநாளும் வீசுவதில்லை. அதன் வெற்றுப் பக்கத்தில் எழுதுவதற்கென்றே ஒரு குட்டைப் பென்சில் சட்டைப்பையில் கிடக்கும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மூலையிலிருக்கும் ஏதாவதொன்றைக் காட்டி, "இதுக்கு உங்கட வீட்டிலை என்ன பேர்?" என்பார். 'சாரம் – கைலி', 'தும்புத்தடி – வெளக்கமாறு' என்று டிக்கெட்டில் ஏறும். லுணுகலை பஸ்ஸின் கண்டக்டர் மர்ஸூக் அவருக்கு மட்டும் கசங்காத டிக்கெட்டாகப் பார்த்துக் கிழிப்பான். "மாஸ்டர் அகராதி எழுதுறாரு, யாரும் இடிக்காதீங்க."

சுழிபுரத்தில் பிறந்து, பதுளையில் பூகோளம் படிப்பிக்கிறவர். ஆனால் தமது உண்மையான உத்தியோகம் வேறென்று நினைப்பு. 1953 முதல் வருடம் தவறாமல், யாழ்ப்பாணத்து எஸ்.எஸ்.சி. வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரை ரயிலில் வரவழைத்து, தம்மிடம் படிக்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் லயங்களில், வரிசையாய் ஒட்டிய அந்த ஓரறை வீடுகளில், ஒரு வாரம் தங்கவைக்கிறார். எல்லாவற்றுக்கும் தட்டச்சில் நிகழ்ச்சி நிரல் உண்டு. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் பேர் கூப்பிடுவதைப் பார்த்தல், மாலையில் கொழுந்து நிறுக்கும் இடம், நடுவில் வீட்டுக்குத் தண்ணீர் சுமத்தல். விதிகளும் உண்டு. சாப்பாட்டைப் பற்றி மூன்றாம் நாள்வரை அபிப்பிராயம் சொல்லக் கூடாது. கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விடக் கூடாது.

முதல் வருடம் ஒரு விபரீதம். லுணுகலைக்கு மேலேயுள்ள தோட்டத்தில் கருப்பம்மா வீட்டில் ஒரு பையனை விட்டிருந்தார். மறுநாள் கருப்பம்மா சிரித்த முகத்தோடு, "தம்பிகிட்ட நேத்து முழுக்க பேசிக்கிட்டே இருந்தேன் மாஸ்டர்" என்றாள். மாஸ்டர் காதில் அது வேறாக விழுந்தது. யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. உரையாடுவதற்குக் கதைப்பது என்று பேர். பையனைத் தேயிலை மறைவுக்கு இழுத்துப்போய், என்ன பிழை விட்டாய் என்று அதட்டினார்.

"அவ பேசேல்லை சேர். எங்கட கிணத்துத் தண்ணி உப்போ, கடல் எவ்வளவு தூரம் எண்டுதான் கதைச்சவ."

அன்றைய டிக்கெட்டில் எழுதினார்: 'இங்கே பேசுதல் – கதைத்தல். ஏசுதல் அல்ல.' ரப்பர் வளையம் போட்ட டிக்கெட் கட்டில் அதுதான் இன்றும் மேலே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டிச் சிரிப்பார்.

நிரலுக்கு இரண்டாம் பகுதியும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் யாழ்ப்பாணம் போகவேண்டும். மூன்றாம் நாள் கடல் பார்த்தல். நான்கு வருடமாக அது கடதாசியிலேயே இருக்கிறது. இங்கே வந்து வயிறாறச் சாப்பிட்டுப்போன பிள்ளைகளின் வீடுகளுக்கு எழுதினால், ஒருவர் வீட்டில் வெள்ளையடிப்பு, இன்னொருவருக்கு மூட்டுவலி. கடைசியில் சொந்த அக்கா குணமணிக்கே எழுதினார். பதில் ஒரு வரிதான். "அவையளுக்கு எந்தக் கோப்பையிலை தேத்தண்ணி குடுக்கிறது எண்டு நீயே சொல்லு." அந்தக் கடிதத்துக்கு அவர் இன்னும் பதில் போடவில்லை.

கருப்பம்மாவின் மகள் பாக்கியலெட்சுமி இந்த வருடம் எஸ்.எஸ்.சி. எழுதுகிறாள், அதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். வகுப்பில் வரைபடத்தை விரித்தபோது, "உங்க ஊரு கடலு பேப்பர்ல மட்டுந்தான் இருக்கா மாஸ்டர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார். போன மாதம் அவளே சேதி கொண்டுவந்தாள்: அம்மா மாஸ்டரிடம் பேசவேண்டுமாம்.

பேசுதல் என்பதற்குப் பொருள் எழுதி வைத்திருப்பவரே அவர்தான். என்றாலும் இந்த முறை ஏசத்தான் கூப்பிடுகிறாள் என்று பட்டது. இரண்டு சனிக்கிழமை தடிமன், மூக்கடைப்பு என்று சாட்டுச் சொன்னார். மூன்றாம் சனி, மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே மலையேறினார்.

கருப்பம்மா சுவரில் சாத்திய இரண்டு புதுப் பாய்களைக் காட்டினாள். "இந்த வருஷம் எத்தனை புள்ளைங்க வருதுன்னு கேக்கத்தான் வரச் சொன்னேன். எங்க வீட்டுக்கு ரெண்டு பேரா அனுப்புங்க."

ஒத்திகை பார்த்ததில், "உங்கட பிள்ளையை நாங்கள் இன்னும் ஒருக்காலும் கூட்டிக்கொண்டு போகேல்லை…" என்று மட்டும் வந்தது.

"அதுக்கென்ன மாஸ்டர், கடலு எங்கயும் போயிடாதுல்ல. தேத்தண்ணி குடிங்க." வீட்டிலிருந்த ஒரே கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணி அவர் கைக்கு வந்தது. எதற்கும் பேர் கேட்காமல் குடித்துவிட்டு இறங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் மர்ஸூக் கிழித்துத் தந்த டிக்கெட்டில் எதுவும் எழுதவில்லை. கட்டை அவிழ்த்து, மேலே இருந்த பழைய டிக்கெட்டை எடுத்தார். பஸ் ஒரு வளைவைத் தாண்டிச் சற்று நேராகும்வரை காத்திருந்து, 'ஏசுதல் அல்ல' என்பதில் 'அல்ல' என்ற சொல்லை மட்டும் பென்சிலால் அடித்தார்.