கேமராவுக்காக எடுத்த பொட்டு

டிவி சீரியலில் கிறிஸ்தவப் பெண் என்றால் கவுன் போட்டிருப்பாள், மாடிப்படிக்குக் கீழே நின்று கேக் வெட்டுவாள், எதற்கெடுத்தாலும் நெஞ்சில் சிலுவை போடுவாள். முஸ்லிம் பெண் என்றால் கண் மட்டும் தெரியும். பக்கத்திலேயே பிரியாணி அண்டா இருக்கும். இந்துப் பெண்ணில் இரண்டே வகை. நெற்றி நிறையக் குங்குமத்தோடு விளக்கேற்றுகிறவள், அதே குங்குமத்தோடு பாலில் விஷம் கலக்குகிறவள். இதையெல்லாம் எழுதுகிறவர்கள் எந்த ஊரில் சோறு தின்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். காணாத கண்ணுக்குக் காட்டுறவன்தான் சாமி என்பார்கள் எங்கள் தெருவில். அந்தச் சாமிகள் ஒருநாள் என் கடைக்கே வந்தார்கள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். நாங்கள் மூன்று பேர். நான் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத கிறிஸ்தவள். பொட்டு வைப்பேன், மல்லி வைப்பேன், கழுத்தில் சிலுவை பொறித்த தாலி. எங்கள் கோயிலுக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான். துணி வெட்டும் அக்கா இந்து. பூ வைத்தால் அவளுக்கு ஒற்றைத் தலைவலி, அதனால் வைப்பதில்லை. கொக்கி கட்டுகிறவள் பாய் வூட்டு அக்கா. சேலை முந்தானையைத் தலையில் போட்டிருப்பாள். குனிந்து வேலை செய்யும்போது அது விழுந்தால் விழுந்ததுதான்.

போன மார்ச்சில் ஒரு யூடியூப் சேனலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மகளிர் தினத்துக்கு ‘மூணு மதம், ஒரே கடை’ என்று காட்டப் போகிறார்களாம். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வருவதாகப் போனில் சொன்ன அன்றே நல்ல சேலையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

கேமரா வைத்திருந்த தம்பி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இதுல கிறிஸ்டியன் யாருங்க?”

“நான்தான்.”

“பார்த்தா தெரியலையே அக்கா.”

“எங்க பங்குச் சாமியாருக்குத் தெரியும், போதும்.”

அவன் சிரித்துக்கொண்டே பொட்டை எடுக்கச் சொன்னான். தாலி தெரிந்தால் ஆடியன்ஸ் குழம்பிவிடுவார்கள், ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள் என்றான். பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு மரச் சிலுவையை எடுத்துக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னான். கோயிலில் மந்திரித்துக் கட்டிய சிலுவை உள்ளே போனது. பையில் வந்த சிலுவை வெளியே தொங்கியது. என் தலையில் இருந்த மல்லி, துணி வெட்டும் அக்காவின் தலைக்குப் போனது.

“வேணாம் தம்பி, எனக்கு மண்ட இடிக்கும்.”

“அஞ்சே நிமிஷம்தான் அக்கா.”

“நீ அஞ்சு நிமிசத்துல போய்டுவ. அது ரெண்டு நாளிக்கு இடிக்குமே.”

பாய் வூட்டு அக்காவுக்கும் பையில் ஒரு கறுப்பு அங்கியும் முகத்தை மூட ஒரு துணியும் இருந்தன. அங்கியைப் போட்டதும் அதன் கை முழங்கையோடு நின்றுவிட்டது. அவள் அதைப் புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தாள். “இன்னாப்பா இது, ஓரங்கூட அடிக்கல?” பிரியாணி செய்து காட்ட முடியுமா என்று கேட்டான். “எனக்கு ரசந்தான் நல்லா வரும்” என்றாள்.

என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, கைகூப்பச் சொல்லி, கண்ணைத் தாழ்த்தச் சொன்னான். “சாந்தமா இருங்கக்கா.” இருந்து தொலைத்தேன். அவர்கள் போனதும் பொட்டை மறுபடி ஒட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். அந்த வாரம் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு கட்டட வேலைக்குப் போயிருந்தார். அங்கே சிக்னல் வேண்டுமென்றால் ஒரு பாறைமேல் ஏற வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஏறிப் பேசுவார்.

வீடியோ வந்த அன்று காலையில், களமருதூரில் இருக்கும் என் மாமியாருக்குப் பக்கத்து வீட்டுப் பெண் அதைப் போனில் காட்டியிருக்கிறாள். முகப்பிலேயே என் படம். பொட்டில்லை, பூவில்லை, தாலியில்லை. குனிந்த தலை. பின்னால் சோகமாக ஒரு புல்லாங்குழல். அந்தத் தம்பி என் வெறும் நெற்றியில் ஒரு மதத்தைப் பார்த்தான். களமருதூரில் அதைச் சாவு என்றுதான் பார்ப்பார்கள்; பெண்ணின் மதம் எதுவானாலும் அப்படித்தான் பார்ப்பார்கள். இது தெரியாதவர்கள் பெண்களைப் படமெடுக்கக் கிளம்பிவிட்டார்கள்.

அத்தை தன் மகனுக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. எத்தனை முறை போட்டாலும் அதே. என்னிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நல்லதைப் போனில் கேள், கெட்டதைக் காலால் போய்க் கேள் என்பது அவர் கட்சி. உளுந்தூர்பேட்டையில் மாலை வாங்கிக்கொண்டு, பஸ் மாறி, மத்தியானம் கடை வாசலில் வந்து நின்றார்.

நான் மல்லியும் பொட்டுமாக மெஷினை மிதித்தபடி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தேன்.

“அடிப்பாவி” என்றார். “எம்புள்ள போயிட்டான். நீ பூ வெச்சிக்கினு சிரிச்சிக்கினு கீற.”

கையில் இருந்த மாலையைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் நன்றாக இருக்கிறார், அது படத்துக்காக எடுத்தது என்றேன். மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம்.

“படத்துக்கோசரம் எவளாச்சும் தாலிய மறைப்பாளா? எம்புள்ள கொரலக் காட்டு.”

போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் முந்தாநாளுக்குப் பிறகு அவர் குரலைக் கேட்டிருக்கவில்லை. கடையை அக்காமாரிடம் விட்டுவிட்டு அத்தையைக் கூட்டிக்கொண்டு மலை பஸ் ஏறினேன்.

கச்சிராயபாளையம் தாண்டியும் அத்தை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் மாலை. பக்கத்து சீட்டுப் பெண், “யாருங்க தவறிட்டாங்க?” என்று கேட்டாள்.

“இன்னும் தெரியலம்மா” என்றார் அத்தை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் சாரத்தின்மேல் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தார். “இன்னாம்மா இவ்ளோ தூரம்? கையில இன்னா மாலை?”

அத்தை அவரைக் கீழே இறங்கச் சொன்னார். சிமெண்ட் அப்பியிருந்த கையைப் பிடித்து முழங்கைவரை தடவிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் அழுதார். அழுது முடிக்குமுன்பே, “போனு எதுக்குடா வெச்சிக்கினு கீற, கலவை கலக்கவா?” என்று ஆரம்பித்துவிட்டார். மாலையைப் புதருக்குள் வீசினார்.

நான் அந்தப் பாறைமேல் ஏறி, சேனல் தம்பியைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, வீடியோவை நீக்கச் சொன்னேன். வருத்தப்படுவான் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

“செம கன்டென்ட் அக்கா. உங்க மாமியாரை வெச்சு பார்ட் டூ எடுத்திடலாமா? அவங்ககிட்ட வெள்ளைச் சேலை இருக்குமா?”

என் பின்னாலேயே பாறை ஏறி வந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அத்தை போனைப் பிடுங்கினார்.

“தம்பி, மொதல்ல உங்கம்மாவப் பொட்டெடுத்து, தாலிய மறச்சி, ஜன்னல்கிட்ட ஒக்கார வெச்சி எடுங்க. அத உங்கப்பா கூடப் பொறந்தவங்களுக்கெல்லாம் அனுப்புங்க. அப்பறம் நான் வரேன்.”

அவன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் முகப்பில் என் படத்தைக் காணோம். வீடியோவை நீக்கவில்லை; என் இடத்தில், கை எட்டாத அங்கியோடு பாய் வூட்டு அக்காவைப் போட்டிருந்தார்கள். அவள் போனைக் கிட்டே வைத்து, தள்ளி வைத்துப் பார்த்தாள்.

“கண்ணு மட்டுந்தான் தெரியுது. எங்க வூட்டுக்காரருக்கே யாருன்னு தெரியல, அது போவட்டும். இந்தத் தையல நம்ம கடைல தெச்சதுன்னு நெனச்சிக்கப் போறாங்களே, அதான் கவலையா கீது.”