மொத்தம் தெரியாத வேலை

அக்கா மௌஸால் கணினித் திரையிலுள்ள கறுப்பு விண்டோவின் ஓரத்தைப் பிடித்து நாலாவது முறையாக உள்ளே தள்ளுகிறார். அதில் ஓடிக்கொண்டிருக்கும் பட்டையும் கூடவே சுருங்குகிறது. எண்பது எழுத்து அகலம் நாற்பதாகி, இருபதாகி, கடைசியில் வெறும் சதவீதம் மட்டும் நிற்கிறது. வரி உடைந்து அடுத்த வரிக்குத் தாவவில்லை. "ம், பரவாயில்ல. அடக்கமாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விண்டோவை மறுபடி அகலமாக்குகிறார்.

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், கணினி அறையில் எல்லோருக்கும் அவர் பட்டையக்கா. நோயாளிகளின் ஸ்கேன் படங்களைப் பழைய டிஸ்க்குகளிலிருந்து புதியவற்றுக்கு மாற்றும் நிரல்களை எழுதுகிறவர். படம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று திரையில் காட்டுவதுதான் பட்டை. நகர்த்தும் பகுதியை எழுத ஒரு நாள் என்றால், காட்டும் பகுதிக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்வார். கேட்டால், "வேலை நடக்குதா இல்லையான்னு தெரியாம முழிக்கிறவங்க பாவங்க. கை சும்மா இருக்காது, எதையாவது அமுக்கிடுவாங்க" என்பார்.

அக்காவின் கறார் அந்த மாடி முழுக்கப் பிரசித்தம். பட்டையை நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் திருத்தி வரையக் கூடாது. நிரலை யாராவது பாதியில் நிறுத்தினால், அது மறைத்து வைத்த கர்சரை, அந்த மினுக்கும் கோட்டை, திரும்பக் கொண்டுவந்து விட்டுத்தான் போக வேண்டும். "அடுத்தவங்க வீட்டு விளக்கை அணைச்சா, போகும்போது போட்டுட்டுப் போகணுமில்ல?" திரையில் பார்க்க ஆளில்லாமல் நிரல் காட்டுவதெல்லாம் ஒரு கோப்புக்குள் போய் விழுகிறது என்றால் பட்டையே கூடாது. ஒருமுறை மேலாளர் இதை மறந்துவிட்டார். காலையில் கோப்பைத் திறந்தால், ஒரே பட்டை நாற்பதாயிரம் வரிக்கு வளர்ந்து கிடந்தது. "பாக்க ஆளில்லாத எடத்துல யாருக்கு சார் இந்த ஆட்டம்?" என்று கேட்டுவிட்டுத் தானே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார்.

அதே மேலாளர் வேறொரு நாள் குழைந்தபடி வந்தார். "மேலிடத்துலேர்ந்து பார்க்க வர்றாங்க. பட்டை கொஞ்சம் வேகமா ஓடற மாதிரி காட்டேம்மா. என்ன குறைஞ்சிடப் போகுது?"

"அது பட்டை இல்ல சார். பட்டை நாமம்."

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவர் எழுதிய பட்டை ஒன்று, படங்களை அனுப்பி முடித்ததுமே நூறு என்று காட்டிவிட்டது. டிஸ்க்கோ இன்னும் எழுதி முடிக்கவில்லை. நூறைப் பார்த்த ஊழியர் நம்பி டிஸ்க்கை உருவிவிட்டார். பத்தொன்பது பேரின் படங்கள் போயே போய்விட்டன. அதில் ஒருவர், நிமிர்ந்து உட்காரக்கூட முடியாதவர், மறுபடி படம் எடுப்பதற்காகத் தள்ளுவண்டியில் வரிசையில் கிடந்தார். அக்கா போய்ப் பக்கத்தில் நின்றார். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை அவருக்கு.

அன்றிலிருந்து தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுவதில்லை. மொத்தம் எவ்வளவு என்று தெரியாத வேலைக்கு அவர் சதவீதமே போடுவதில்லை. ஒரே இடத்தில் ஒரு கோடு: நிமிர்ந்து, சாய்ந்து, படுத்து, மறுபக்கம் சாய்ந்து, திரும்ப நிமிர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். "நம்பர் தெரியலன்னா சுத்த விடுங்க. உசுரோட இருக்கேன், வேலை பார்த்துக்கிட்டிருக்கேன்னு சொன்னாப் போதும்."

வீட்டிலும் இதே பாஷைதான். அவர் கணவர் பஸ் ஓட்டுநர். "எப்ப வருவே?" என்று போனில் கேட்பார். "சுத்துதுங்க" என்று பதில் வரும். "அப்ப சரி, நான் சாப்பிட்டுடறேன்" என்று வைத்துவிடுவார்.

இரண்டு மாதமாக அந்தக் கணவர் கீழே, இரண்டாம் மாடியில் படுத்திருக்கிறார். ரத்தத்தில் கோளாறு. மருந்து ஏற்றுகிறார்கள். "எத்தனை தடவைன்னு இப்ப சொல்ல முடியாதும்மா. உடம்பு ஏத்துக்கறதைப் பொறுத்து" என்றார் மருத்துவர். அக்காவுக்கு அந்தப் பதிலில் பயம் இருந்தது, கோபம் இல்லை. கோபம் வந்ததெல்லாம் கணவரின் தம்பியிடம்தான். ஆரஞ்சுப் பழமும் கையுமாக வந்தவர், "கவலைப்படாதேண்ணே, இன்னும் ரெண்டே தடவைதான், முடிஞ்சிடுச்சுன்னு வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டும் ஆயிற்று. மூன்றாவது பையைக் கம்பியில் மாட்டியபோது கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்று முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வராந்தாவில் வைத்து அக்கா அந்தத் தம்பியைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டுன்னு யார் சொன்னது தம்பி உங்ககிட்ட?"

"ஒரு ஆறுதலுக்குத்தான் அண்ணி..."

"அந்த ஆறுதல்தான் அவரைச் சாய்ச்சிடுச்சு."

மறுநாள் மதிய இடைவேளை. மூன்றாம் மாடியில் பட்டை அறுபத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா படியிறங்கி வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார். கணவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"தம்பி கதை விடுவான். நீ விட மாட்டே. சொல்லு, எத்தனை பர்சென்ட் வந்திருக்கேன்?"

எண்பது என்று சொல்லிவிடலாம் போலிருந்தது அக்காவுக்கு. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எண்பது என்றால் இந்த மனுஷன் திரும்பிப் படுப்பார், கஞ்சி குடிப்பார், ஒருவேளை சிரிக்கவும் செய்வார். அக்கா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

ஊசி குத்தாத கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, உள்ளங்கையை விரித்தார். சுட்டுவிரலால் நிமிர்ந்த கோடு ஒன்று போட்டார். அதே இடத்தில் சாய்ந்த கோடு. பிறகு படுத்த கோடு. மறுபக்கம் சாய்ந்த கோடு. கணவர் தலையை மெல்லத் திருப்பித் தன் கையைப் பார்த்தார். அக்கா மறுபடி நிமிர்ந்த கோடு போட்டார்.